அம்பு ஸ்டிக்கர்

ஏனுங்க்கா, சித்த அந்தப் பக்கம் நவுந்துக்கறீங்களா? புள்ளை காலை நீட்டிக்கட்டும். ஆமாங்க, தூங்கறா. பெருமாநல்லூர் தாண்டறதுக்குள்ளயே கண்ணு சொக்கிருச்சு. நீங்க குன்னத்தூருங்களா, கோபிங்களா? கோபியா, நாங்களும் கோபிதானுங்க. அங்க எங்க நங்கையா இருக்காங்க, எங்கூட்டுக்காரரோட அக்கா. அவங்ககிட்ட இவளைக் கொண்டுபோய் விட்டுட்டு வரப் போறேன்.

எத்தனை நாளைக்குன்னா... இந்த வருசம் முடியட்டும்னாரு அவரு. பொறவு பாத்துக்கலாம்னாரு. பள்ளிக்கூடம்கூட அங்கயே பாத்தாச்சாமா. எனக்கு இருக்கறது இந்த ஒரே புள்ளைதானுங்க.

இல்லீங்க, அழுகலை. ஜன்னல் காத்து கண்ணுல அடிக்குது.

நான் ஒண்ணு கேக்கறேன், நீங்களே சொல்லுங்க்கா. பெத்த புள்ளையை அடிக்காம வளத்தது தப்புங்களா? முட்டாயைக் காட்டி ஏமாத்தாம வளத்தது தப்புங்களா? இவ பள்ளிக்கூடத்து மிஸ்ஸு எம் மூஞ்சிக்கு நேராக் கேக்கறாங்க, "இந்தக் குழந்தையை என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"ன்னு. என்னையக் கேக்கறாங்க! எட்டு மாசமா இந்தக் கை அவ மேல பட்டதே இல்லீங்க. ஒரு அடி, ஒரு கிள்ளு, ஒண்ணு கிடையாது. கருப்பராயன் கோயில்ல வேணா கற்பூரத்தை அணைச்சுச் சொல்றேன்.

முன்ன அடிச்சிருக்கேன். அதை மறைக்க மாட்டேன். இந்தப் புருவத்துல ஒரு வடு தெரியுதுங்களா? நான் பண்ணினதுதான். மாவுப் போசியைக் கவுத்துட்டான்னு கரண்டியை ஓங்கினேன், முதுகுல போடலாம்னுதான் ஓங்கினேன், அவ திரும்பிட்டா. ரெண்டு தையல். ஆசுபத்திரியில இருந்து நேராக் கோயிலுக்குத்தான் போனேன். இனி இந்தக் கை புள்ளை மேல விழுந்தா என்னைய நீ எடுத்துக்கோன்னு சாமிகிட்டச் சொல்லி, மஞ்சத்துணியில காசு முடிஞ்சு போட்டு வந்தேன்.

அடிக்கலைன்னா சொன்ன பேச்சு கேக்கோணுமில்லீங்க? முட்டாய் வாங்கிக் குடுத்தேன். தட்டைக் கழுவி வச்சா ஒரு முட்டாய், துணியை மடிச்சு வச்சா ஒரு முட்டாய்னு. ஒரே மாசம்தான். "அம்மா, பல்லு வெளக்கினா என்ன குடுப்பே?"ங்கறா. எட்டு வயசுப் புள்ளை யாவாரம் பேசறா! அதோட அதையும் நிறுத்திப் போட்டேன்.

அப்பத்தான் பள்ளிக்கூடத்துல மீட்டிங்னு கூப்பிட்டாங்க. கோயமுத்தூர்ல இருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க. அதுக்குன்னே அரை நாள் லீவு போட்டுட்டு, முன்னாடி பெஞ்சுல உக்காந்து கேட்டேன். அந்த மேடம் என்ன சொன்னாங்கன்னா, அடியும் வேண்டாம், பரிசும் வேண்டாம். அடிச்சா பயத்துல செய்யும், பரிசு குடுத்தா ஆசையில செய்யும். ரெண்டும் நிக்காது. குழந்தைகிட்ட உக்காருங்க, என்ன நடந்துச்சோ அதைக் கோவப்படாமக் காட்டுங்க, அதுவே புரிஞ்சுக்கும். இதுதானுங்க சொன்னாங்க. எனக்கு அப்படியே மனசுல பதிஞ்சு போச்சு. கோவப்படாமக் காட்டறது. அதுதானுங்க்கா என்ற வேலையே! பதினோரு வருசமா நான் அதைத்தானே பண்ணீட்டிருக்கேன்!

பனியன் கம்பெனில செக்கிங்குங்க. டெய்லர் தைச்சு வர்ற பீஸையெல்லாம் மேசையில விரிச்சுப் போட்டு, மேல டியூப் லைட்டு எரியும், இப்படிப் பொரட்டி அப்படிப் பொரட்டிப் பாக்கோணும். ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டிருக்குதா, எங்க மிஸ்டேக்கு இருக்குதோ அந்த எடத்துல ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டோணும். சின்னதா, செவப்பா, நெல்லு முனையாட்டம் இருக்கும். அவ்வளவுதான். திட்ட வேண்டாம், பேச வேண்டாம். அந்த அம்பைப் பாத்தா டெய்லருக்கே தெரிஞ்சிரும், பிரிச்சு மறுபடி தைச்சிருவாங்க. எங்க டேபிள்ல நான் பாத்து அனுப்பின பீஸு ஒண்ணுகூட திரும்பி வந்ததில்லீங்க. சூப்பர்வைசரே சொல்லுவாரு, சாந்தாமணி கண்ணுக்குத் தப்பாதுன்னு.

சரி, அந்த மேடம் பக்கத்துல உக்காரச் சொன்னாங்க. எனக்கு உக்கார எங்கீங்க நேரம்? காலைல எட்டரைக்குப் போனா அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட்டு முடியும். பக்கத்தூட்டு மைதிலியும் எங்க கம்பெனிதான், அவ அதோட வந்துருவா, அவ புருசன் உள்ளூர்ல இருக்கறாரு. எங்கூட்டுக்காரரு லாரியில போறவரு, பத்து நாளைக்கு ஒருக்கா வர்றவரு. நான் எட்டரை வரைக்கும் இருந்து ஒண்ணரை ஷிப்ட்டாப் பாத்துட்டுத்தான் வருவேன். இவ நாலரைக்கே பள்ளிக்கூடத்துல இருந்து வந்துருவா. சாவி சன்னல்ல இருக்கும். தெறந்து உள்ள போயி, தாப்பாப் போட்டுட்டு, சோத்தைப் போட்டுத் தின்னுட்டு, எழுதீட்டு உக்காந்திருப்பா.

அதனால ஒரு ரோலு ஸ்டிக்கர் ஊட்டுக்குக் கொண்டு வந்தேன். வேஸ்ட்டாக் கெடந்த ரோலுதானுங்க.

மொத நாளு, ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டிருந்தா. ஒண்ணும் சொல்லலை. அது மேல ஒரு அம்பு ஒட்டிட்டு வேலைக்குப் போயிட்டேன். தண்ணிப் பைப்பைச் சரியா மூடலை, பைப்பு மேல ஒண்ணு. செவுத்துல பென்சில்ல ஒரு வீடு வரைஞ்சு வச்சிருந்தா, அது மேல ஒண்ணு. டிபன் பாக்ஸுல பாதிச் சோறு, மூடி மேல ஒண்ணு. அவ சாயங்காலம் வந்து பாத்துக்குவா. நான் ராத்திரி வர்றப்ப எல்லாம் சரியா இருக்கும், அம்பைப் பிச்சு நோட்டுல வரிசையா ஒட்டி வச்சிருப்பா. ரெண்டே வாரமுங்க! ஊடு கண்ணாடியாட்டம் ஆயிருச்சு. சத்தம் இல்லை, அழுகை இல்லை. நான் நெம்பப் பெருமையாக் கம்பெனில சொன்னேன். எங்க டேபிள்ல மூணு பேரு அவங்கவங்க ஊட்டுக்கு ரோலு கொண்டு போனாங்க.

நல்லது செஞ்சாலா? அதுக்கெதுக்குங்க்கா ஸ்டிக்கர்? நல்ல பீஸு நேரா மடிச்சுப் பெட்டிக்குப் போயிரும். அதை ரெண்டாவது வாட்டி ஆரும் எடுத்துப் பாக்க மாட்டாங்க.

முன்னயெல்லாம் நான் வாசப்படி ஏறினதும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்குவா. அழுக்குக் கையோட சேலையைப் புடிச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துல அவ இப்படிச் சொன்னா இவ அப்படிச் சொன்னான்னு தொணதொணன்னு பேசீட்டே இருப்பா. அதெல்லாம் தன்னால நின்னு போச்சு. நான் உள்ள வந்ததும் லைட்டெல்லாம் போட்டுட்டு ஒரு சுத்துப் பாப்பேன். சமையக்கட்டு, பாத்ரூம்பு, புஸ்தக அலமாரி. இவ கையைக் கட்டிக்கிட்டு எம் பின்னாடியே வருவா. மூச்சு விடற சத்தம்கூடக் கேக்காது. அத்தனை அடக்கம்.

பொறவு அவளே ஒட்ட ஆரம்பிச்சுட்டா. நெசமாலுமுங்க! ஒரு நாளு வந்து பாக்கறேன், செவுத்துக் கடிகாரத்துல, கண்ணாடி மேல ஒரு அம்பு. ஓ, கடிகாரம் நேரம் தப்பா ஓடுதாட்ட இருக்குதுன்னு புது பேட்டரி போட்டேன். அடுத்த வாரம் கதவுத் தாப்பா மேல ஒரு அம்பு. ஆட்டிப் பாத்தேன், ஆணி லேசா இளகியிருந்துச்சு. மறுநாளே முறுக்கிட்டேன். பொறவு ஒரு நாளு, என்ற சோத்துத் தட்டுல. அது ஓரம் நெளிஞ்ச தட்டுங்க. அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற தட்டு எடுத்துக்கிட்டேன். கடிகாரத்துல மட்டும் திரும்பத் திரும்ப ஒட்டுவா. நானும் நாலு வாட்டி பேட்டரி மாத்திட்டேன். எனக்கு ஒரே சந்தோசமுங்க. புள்ளைக்கும் செக்கிங் கண்ணு வந்துருச்சு, எங்க போனாலும் பொழைச்சுக்குவான்னு நெனைச்சேன்.

அப்படியே கொஞ்ச நாள்ல இவகிட்ட ஒரு குத்தம்கூட இல்லாமப் போச்சு. பத்தொம்பது நாளுங்க்கா. நான் எண்ணி வச்சிருக்கேன். பத்தொம்பது நாளா ஒரு அம்பு ஒட்டறதுக்கு எனக்கு எடமே கிடைக்கலை. வருவேன், ஒரு சுத்துப் பாப்பேன், ஒண்ணும் இருக்காது, சோத்தைத் தின்னுட்டுப் படுத்துருவேன். எனக்கும் பேச்சு மிச்சம், அவளுக்கும் நிம்மதி. இப்படி ஒரு புள்ளை ஆருக்குக் கெடைக்கும் சொல்லுங்க.

சோறு மட்டும் கொறைச்சுட்டா. வெயிலுக்குப் பசிக்கலையாட்டம் இருக்குதுன்னு விட்டுட்டேன்.

இருங்க, இருங்க... இதோ பாருங்க்கா. காதுக்குப் பின்னாடி. இன்னொண்ணு! இத்தனை தேச்சுக் குளிப்பாட்டியும் இன்னொண்ணு இருக்குது பாருங்க. மெதுவாப் பிக்கோணும், முழிச்சுக்குவா. தோலெல்லாம் செவந்து போச்சு.

ஆமாங்க. அதுதான் விசயம். போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துல இருந்து கம்பெனிக்கே போன் வந்துச்சு, ஒடனே வாங்கன்னு. ஓடினேன். ஆபீஸ் ரூம்புல ஸ்டூல் மேல இவளை உக்கார வச்சிருக்காங்க. வெளையாட்டு பீரியட்ல கையைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தாளாமா. என்னன்னு அந்த மிஸ்ஸு சட்டைக் கையை மடிச்சுப் பாத்திருக்காங்க. கையெல்லாம் அம்பு. சட்டையைத் தூக்கினா வகுத்துல அம்பு. முதுகுல எட்டற வரைக்கும் அம்பு. முழங்கால்ல, கழுத்துக்குக் கீழ, நெஞ்சுல. யூனிபார்ம் மறைக்கற எடமெல்லாம் ஒட்டியிருக்கறா.

"யாரும்மா ஒட்டினது?"ன்னு மிஸ்ஸு கேட்டதுக்கு, "நான்தானுங்க மிஸ்"ன்னாளாமா. "ஏன் கண்ணு?"ன்னு கேட்டா, "எங்க மிஸ்டேக்குன்னு எனக்குத் தெரியலீங்க மிஸ். அதான் எல்லா எடத்துலயும் ஒட்டிட்டேன். அம்மா வந்து பாத்தாக் கண்டுபுடிச்சுரும்"ன்னாளாமா.

அதைச் சொல்லிட்டு அந்த மிஸ்ஸு அழுகறாங்க. எனக்கு அழுகைகூட வரலை. பொறவுதான் கேட்டாங்க, என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு. நான் என்னத்தைச் சொல்லட்டும்? அடிக்கலீங்க மிஸ், திட்டலீங்க மிஸ், உங்க மீட்டிங்ல சொன்னதைத்தானே பண்ணினேன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவங்க கேக்கவே இல்லை. டாக்டர்கிட்டக் காட்டீட்டுக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. டாக்டர் எதுக்குங்க? எம் புள்ளைக்கு என்ன பைத்தியமா?

ஊட்டுக்கு வந்து மடியில உக்கார வச்சு ஒவ்வொண்ணாப் பிச்சேன். அந்த ஒரு மணி நேரமும் இவ அப்படியே சாஞ்சு கெடந்தா. வலிக்குமேன்னு ஊதி ஊதிப் பிக்கறேன், "மெதுவாவே எடும்மா, அவசரம் இல்லை"ங்கறா. எல்லாம் எடுத்து முடிச்சதுக்குப் பொறவு, "இன்னும் இருக்கும், நல்லாப் பாரு"ங்கறா. என்ன புள்ளையோ போங்க. மறுநாளு வேலைக்குப் போயிட்டு வந்து பாத்தா, மறுபடி ஒட்டியிருக்கறா. ரோலை எடுத்து ஒளிச்சு வச்சேன். நோட்டுல இருக்கற பழைய அம்பைப் பிச்சு ஒட்டிக்கிட்டா. நோட்டைக் கிழிச்சுப் போட்டேன். பேனாவுல வரைஞ்சுக்கிட்டா!

நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க்கா? அடிச்சும் பாத்தாச்சு, முட்டாயும் குடுத்தாச்சு, ரெண்டும் இல்லாமயும் பாத்தாச்சு. இனி என்ன மிச்சம் இருக்குது? எனக்கு ஒண்ணும் புடிபடலை. கால்ல விழுந்தேனுங்க, பெத்த புள்ளை கால்ல விழுந்து, ஒட்டாதே சாமின்னு கெஞ்சினேன். அவ எம் மூஞ்சியையே பாக்கறா.

இதுக்குள்ள அவரு வந்தாரு. பாத்ததும் தாம் தூம்னு குதிச்சாரு. "உனக்குப் புள்ளை வளக்கத் தெரியலை, எங்கக்காகிட்ட விட்டுரு. அவ பகலெல்லாம் ஊட்டோட இருக்கறவ, கண்ணுல பாத்துக்குவா"ன்னாரு. மூணு நாள் சண்டை. கடைசியில சரின்னுட்டேன். நான் வச்சிருந்து கெட்டுப் போறதுக்கு, எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேனே தவிர, நெஞ்சு ஆறலை. அவளை விட்டுட்டு அந்த ஊட்டுல நான் மட்டும் போயி என்னத்தைச் செக்கிங் பண்ணப் போறேன்?

இவளா? ஒரு சொட்டுக் கண்ணீர் விடலீங்க. அதுதான் எனக்கு வகுத்தெரிச்சல். அம்மாவை விட்டுட்டுப் போறோமேன்னு ஒரு வார்த்தை கேக்கலை. காலைல தன் துணியைத் தானே எடுத்து வச்சா. கம்பெனி பீஸாட்டம் அப்படி மடிப்பு, ஓரத்தோட ஓரம் சேத்தி. பொறவு கேக்கறா, "அம்மா, சரி பண்ண முடியாத பீஸை உங்க கம்பெனில என்ன பண்ணுவாங்க?"ன்னு. நான் பையில துணியை அமுக்கிக்கிட்டே சொன்னேன், "மூட்டையாக் கட்டி வெளிய அனுப்பிருவாங்க கண்ணு." "திரும்ப வருமா?"ங்கறா. "அதெங்க வரப் போகுது, எந்த ஊருக்குப் போகுதுன்னு ஆருக்குத் தெரியும்"னேன். "சரிம்மா"ன்னுட்டுப் பை ஜிப்பை அவளே இழுத்து மூடிட்டா. பாருங்க, ஊரை விட்டுப் போற நேரத்துல கம்பெனி விசயம் கேட்டுட்டு உக்காந்திருக்கறா.

ஏனுங்க்கா? நீங்க ஏனுங்க கண்ணைத் தொடைக்கறீங்க?

நான் தப்பா ஏதாச்சும் சொல்லிட்டனுங்களா?

என்னங்க? கடிகாரமா? எந்தக் கடிகாரம்? ஓ, செவுத்துக் கடிகாரம். அந்த அம்பு எதைக் காட்டுச்சுன்னா... அது சும்மா கண்ணாடி மேலதானுங்க. நடுவுல இல்லை. கீழ. எப்பவும் ஒரே எடத்துலதான் ஒட்டுவா, அடிப்பக்கமா. ஆறுக்குச் சித்த முன்னாடி. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல.

அஞ்சரைங்க.

அஞ்சரைக்கு மைதிலி வந்துருவா. மைதிலி புள்ளை சந்து முக்கு வரைக்கும் ஓடிப் போயி அவளைக் கூட்டிட்டு வரும். எங்க சன்னல்ல இருந்து பாத்தா நல்லாத் தெரியும்.

நான் பேட்டரி போட்டேன். நாலு வாட்டி பேட்டரி போட்டேனுங்க்கா.

தட்டு... தட்டுலயும் ஒட்டினா. அவ தனியாத் தின்னுட்டு, எனக்குன்னு கழுவிக் கவுத்து வச்சிருக்கற என்ற தட்டுல ஒட்டினா. நான் அதைத் தூக்கிப் போட்டேன். தாப்பாளை முறுக்கினேன். ஐயோ சாமி, என்ற புள்ளை சாமி, நான் தாப்பாளை இன்னும் இறுக்கி முறுக்கினேனுங்க.

இன்னைக்குக் காலைல நான் அவகிட்ட என்ன சொன்னேன்? மூட்டையாக் கட்டி... திரும்ப வராதுன்னு... எவகிட்டச் சொல்றோம்னு தெரியாம, அவ மூஞ்சியைக்கூட நிமுந்து பாக்காம, பையை அமுக்கிக்கிட்டே சொன்னேனே! அவ சரிம்மான்னாளே!

இல்லீங்க்கா, தண்ணி வேண்டாம். எனக்கு ஒண்ணுமில்லை. பஸ்ஸு திரும்புதே, ஸ்டாண்டுக்குள்ள போகுதுங்களா? கோபி வந்துருச்சா? அதுக்குள்ளயா?

பாருங்க, முழிச்சுட்டா. நான் ஒண்ணும் சொல்லலை பாருங்க, அவளாப் பையைத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டா. கனி, உக்காரு சாமி. பையை இப்படிக் குடு. குடுங்கறேன்ல கண்ணு. அம்மா மேல சாஞ்சுக்கோ. இல்லை, எறங்க வேண்டாம். நம்ம எறங்கலை.

நீங்க எறங்குங்க்கா, நாங்க காலை மடக்கிக்கறோம். போன் வருதுங்க, நங்கையாதான், ஸ்டாண்டுல நிக்கறாங்களாட்டம் இருக்குது. அடிக்கட்டும். ஒண்ணரை ஷிப்ட்டு இல்லாட்டி நாளைக்கு வர வேண்டாம்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு. எங்கூட்டுக்காரரு என்னைய என்ன சொல்லுவாரோ தெரியாது. எனக்கு ஒண்ணும் தெரியலீங்க்கா, இனி எப்படிப் பண்ணப் போறேன்னு ஒண்ணுமே தெரியலை.

கண்டக்டரண்ணா! ஏனுங்கண்ணா, இதே வண்டிதானுங்களே திருப்பூர் திரும்பப் போறது? ஒரு முழு டிக்கெட்டு, ஒரு அரை டிக்கெட்டு குடுங்க. அண்ணா, எத்தனை மணிக்குங்க எடுப்பீங்க?

அஞ்சரைக்குள்ள போயிருமுங்களா?